ராப் பாட்டும் தெருக் கோரிக்கையும்: எது முதலில், எப்படி, எங்கே உடைகிறது?

#1 பதினாறுவரி

ஹிப்-ஹாப்பும் சமூக மாற்றமும் என்று பேச்சு எடுத்தாலே இரண்டு குரல்தான் எழுகிறது. பாட்டு ஊரையே புரட்டிப் போடும் என்று ஒன்று. பாட்டால் ஒரு மண்ணும் நடக்காது என்று இன்னொன்று. வேலை செய்கிறவர்களுக்கு இரண்டாலும் பயனில்லை. ஒரு குடியிருப்பு ஒரு கோரிக்கையோடு காத்திருக்கிறது, அங்கே ராப் எழுதும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த இரண்டையும் எப்படிக் கட்டுவது? இந்த இழையில் அதை மட்டும் பேசுவோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அமைப்பு முதலில், பாட்டு பிறகு. ஹிப்-ஹாப் பிறந்த கதையே அப்படித்தான் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ, கட்டடத்தின் பொது அறையில் டிஜே கூல் ஹெர்க் தட்டு சுழற்றிய விருந்து. இதை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்னால் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. 1971 டிசம்பர் 2 அன்று கெட்டோ பிரதர்ஸ் என்ற தெருக்குழுவின் (கேங்) சமாதானத் தூதர் கார்னெல் பெஞ்சமின், சண்டையை விலக்கப் போன இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று கிளம்பியிருந்தால் பிராங்க்ஸ் ரத்தக்காடாகியிருக்கும். கெட்டோ பிரதர்ஸ் அதை மறுத்து, டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவில் எல்லாக் குழுக்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். சண்டை ஒரே நாளில் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் அடுத்த தெரு விருந்துக்கு உயிர்பயம் குறைந்து போய்வர முடிந்ததில் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சமாதானம் பேசி வைத்த தரையில்தான் ஸ்பீக்கர் இறக்கப்பட்டது. இன்று பலரும் ஸ்பீக்கரை முதலில் இறக்கிவிட்டு, பிறகு தரையைத் தேடுகிறார்கள்.

பாடல் எழுதுவது, ஒலி, பயிற்சி, சட்டம் என்று அவரவர் கைதேர்ந்த பகுதியை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை வேண்டும்.

#2 ஊசிமுனை

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு திருத்தம் மட்டும்: அந்த விருந்தை நடத்தியது ஹெர்க் இல்லை, அவர் தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்கும் முன் துணிமணி வாங்கப் பணம் வேண்டும் என்று அறையை ஏற்பாடு செய்தார், அழைப்பை அட்டைகளில் கையால் எழுதினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவு. அறை, அழைப்பு, வசூல் என்று மூன்று வேலையும் முடிந்த பிறகுதான் இசை. ஒருங்கிணைப்பாளர் பெயர் எப்போதும் சுவரொட்டியில் இருப்பதில்லை. உங்கள் குழுவிலும் சிண்டி யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் பாட்டைத் தள்ளிவையுங்கள்.

அதே கட்டடம் இன்னொரு பாடமும் தருகிறது. அது மிட்செல்-லாமா திட்டத்தில் இருந்தது. 1955ல் வந்த திட்டம்: உரிமையாளருக்கு மலிவுக் கடனும் வரிச்சலுகையும், பதிலுக்கு வாடகைக்கு உச்சவரம்பு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் உரிமையாளர் வெளியேறலாம். 2007ல் வெளியேறப் போவதாக அறிவிப்பு வந்தது. குடியிருப்போர் அமைப்பாகத் திரண்டார்கள், ஹெர்க் கூடவே நின்றார். ஹிப்-ஹாப் பிறந்த வீடு என்று செய்தி உலகெங்கும் போனது. அப்படியும் 2008ல் கட்டடம் கைமாறியது, பராமரிப்பு சீரழிந்தது. குடியிருப்போர் விடாமல் நின்றார்கள். அதன் பிறகுதான் மாநகராட்சிக் கடனுதவியோடு மலிவு வீட்டுவசதிக்காரர்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது.

கவனியுங்கள், பெயர்பெற்ற இடம் என்பது கேமராக்களைக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். வாடகையைக் கட்டுப்படுத்தியது ஒப்பந்த விதி. பாட்டு எழுதுபவர் அந்த விதியின் பெயரையும் காலக்கெடுவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தப் பாட்டும் ‘அநியாயம், அநியாயம்’ என்பதோடு நின்றுவிடும்.

#3 கூத்துமேடை

எனக்கு ஒப்புதல் இல்லை. கோரிக்கை மனுவுக்குத் தாளம் போட்டால் அது ராப் ஆகாது, அறிவிப்புப் பலகை ஆகும். கேட்கிறவன் இரண்டாவது முறை கேட்க மாட்டான்.

1982ல் வந்த ‘தி மெசேஜ்’ பாட்டை எடுங்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் பெயரில் வந்தாலும், வரிகளைச் சுமந்தது மெல்லி மெல்லும் டியூக் பூட்டியும். அதில் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. உடைந்த கண்ணாடி, நாற்றம், கடன்காரன் தொல்லை என்று வாழ்க்கையை அப்படியே முன்னால் வைக்கிறது. அதுவரை விருந்துக்கூடத்துக்கு என்று இருந்த வடிவத்தில் இதையும் பேசலாம் என்று கதவு திறந்தது அங்கேதான். பிரேசிலில் ராசியோனாய்ஸ் எம்சீஸ் என்ற ராப் குழு 1997ல் வெளியிட்ட ஆல்பம் சாவோ பாவ்லோவின் விளிம்புப் பகுதிகளையும் சிறையையும் பேசியது. பின்னாளில் அதன் வரிகளை உனிகாம்ப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வுக்குரிய நூல் பட்டியலிலேயே சேர்த்தது. அதையும் எந்த அமைப்பும் தீர்மானம் போட்டு எழுதச் சொல்லவில்லை.

தன் வாழ்க்கை பாட்டில் வரத் தகுந்தது என்று ஒரு பிள்ளை உணர்வதே முதல் மாற்றம். அதைத் தாண்டிக் கோரிக்கைக்குப் போக அவசரப்பட்டால், நல்ல எழுத்தாளர்கள்தான் முதலில் குழுவை விட்டுப் போவார்கள்.

#4 பதினாறுவரி

கூத்துமேடை சொல்வதில் நியாயம் இருக்கிறது, என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று சாட்சிப் பாட்டு: கண்டதைச் சொல்வது, காலக்கெடு இல்லை, எழுதியவருக்கே சொந்தம். இன்னொன்று கோரிக்கைப் பாட்டு: ஒரு குறிப்பிட்ட அதிகாரியிடமோ நிறுவனத்திடமோ ஒரு குறிப்பிட்ட பொருளைக் கேட்பது, இயக்கத்துக்குச் சொந்தம், வேலை முடிந்தால் ஓய்வு. ஒரே பாட்டில் இரண்டையும் திணிக்கும்போதுதான் பலகை வாசனை வருகிறது.

கோரிக்கைப் பாட்டுக்கு நமக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ‘கொடைக்கானல் வோன்ட்’ (Kodaikanal Won't). சோஃபியா அஷ்ரஃப் பாடி 2015 ஜூலை இறுதியில் வெளியானது, சில நாட்களில் இருபது லட்சம் பார்வைகளைத் தாண்டியது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. எட்டு மாதத்தில் ஒரு பாட்டு சாதித்தது என்று எழுதுகிறார்கள், அது பாதிக் கதை. கொடைக்கானலில் அந்த நிறுவனத்தின் பாதரச வெப்பமானி ஆலை மூடப்பட்டது 2001ல். அங்கிருந்து பாட்டு வரும்வரை 14 ஆண்டுகள் முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாக நின்றார்கள், மருத்துவ விவரங்கள் திரட்டினார்கள், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார்கள். பாட்டு வெளியான அன்று ஆவணம் கையில் இருந்தது, வழக்கு நடந்துகொண்டிருந்தது, கேட்டவர் உடனே கையெழுத்திட இணையத்தில் மனுவும் இருந்தது.

இன்னொன்றும் பாருங்கள். கோரிக்கை இரண்டு: தொழிலாளருக்கு ஈடு, மண்ணுக்குச் சுத்திகரிப்பு. முதலாவது முடிந்தது, இரண்டாவது நிலுவையில் நின்றது. எந்த அளவு பாதரசம் மிச்சமிருக்கலாம் என்ற வரம்பு பற்றிய சண்டைக்காக 2018ல் இன்னொரு பாட்டு வந்தது. நஷ்டஈடு என்பதை ஒரு வரியில் பாடலாம். ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் என்பதைப் பாடுவது எவ்வளவு கடினம்! தொழில்நுட்பக் கோரிக்கை இருந்தால், அதற்கென்று தனிப் பாட்டு, தனிக் காணொளி என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

#5 எதுகைப்பட்டறை

எழுத்துப் பக்கம் நான் வருகிறேன்.

முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 90 தாள அடி வேகம் வைத்தால் நாலு அடி கொண்ட ஒரு பார் 2.67 நொடி. 16 பார் ஏறக்குறைய 43 நொடி, 8 பார் ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) 21 நொடி. இரண்டு பத்தி, மூன்று ஹூக் என்றால் இரண்டரை நிமிடம். கூட்டத்தில் பாட இதற்கு மேல் வேண்டாம். 85 முதல் 95 வரை பேச்சு தெளிவாக விழும். 140ல் போகும் டிரில், டிராப் வகை ராப் பீட்டுகளில் பழகிய பிள்ளைகளிடம் அதை விடச் சொல்லாதீர்கள், அரைவேகத்தில் பாடச் சொல்லுங்கள்.

தமிழில் பெரிய பொறி வரிக்கடைசி. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால் ‘சொல்கிறான், போகிறான், பார்க்கிறான்’ என்று இயைபு தானாக விழுந்துவிடும். விழுவது எளிது என்பதால் காதுக்கு அதில் சுவையே இல்லை. எதுகையையும் மோனையையும் வரிக்குள்ளே கொண்டு வாருங்கள். மாலை வேளைப் பேருந்து கேட்டு ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம்:

வண்டி வரலைன்னு மனு கொடுத்தோம்
நொண்டிச் சாக்குக்கு நூறு நாள் பொறுத்தோம்

வண்டி, நொண்டி எதுகை. நொண்டி, நூறு மோனை. கடைசியில் இயைபு. மெய்யெழுத்தைத் தள்ளிவிட்டு உயிரும் உயிர்மெய்யும் எண்ணிப் பாருங்கள், இரண்டு வரியிலும் 11. இந்த வேகத்தில் ஒரு பாருக்கு 10 முதல் 12 வரை சுகமாகப் பொருந்தும். 14ஐத் தாண்டினால் புதியவருக்கு மூச்சு வாங்கும், சொல் மழுங்கும். ஸ்னேர் (டிரம்மின் ‘டப்’ என்ற கூர்மையான தட்டு) விழுவது இரண்டாம், நாலாம் அடிகளில். அங்கே நெடில் வந்தால் வரி தைக்கும், குறிலாக இருந்தால் தொட்டுவிட்டு ஓடும். மேலே ‘தோம்’ நாலாம் அடியில் உட்கார்வதைப் பாருங்கள். இரண்டு பாருக்கு ஒருமுறை அரை அடி மூச்சுக்கு விடுங்கள். எழுதும்போதே அந்த இடத்தில் சாய்கோடு போடுங்கள், இல்லையென்றால் மேடையில் அர்த்தம் உடையும் இடத்தில் மூச்சு உடையும்.

ஹூக் கூட்டத்துக்குச் சொந்தம். கூட்டம் சொல்ல வேண்டிய துண்டு, மெய்யைத் தள்ளி எண்ணினால், ஐந்து எழுத்துக்கு மிஞ்சக் கூடாது, அதில் எண்ணும் கெடுவும் இருக்க வேண்டும்.

எத்தனை வண்டி? — நாலு வண்டி!
எப்போ வேணும்? — தேர்வுக்கு முன்ன!

இதைப் பாடிவிட்டு ஒருவரிடம் ‘என்ன கேட்கிறீர்கள்’ என்று நிருபர் மைக் நீட்டினால், பத்து வயதுப் பிள்ளையும் சரியாகப் பதில் சொல்லும். ‘எங்கள் உரிமை, எங்கள் உரிமை’ என்று ஹூக் வைத்தால் அந்தப் பதில் கிடைக்காது.

எழுதி முடித்ததும் தாளம் இல்லாமல் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். வட்டார வழக்கு எழுத்துத் தமிழாக மாறியிருக்கும் இடங்கள் அப்போது கண்ணில் படும். அதை மட்டும் திருத்துங்கள், உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அந்த மக்கள் பேசுகிற பேச்சுதான் அந்தப் பாட்டுக்கு ஆதாரம்.

#6 சத்தப்பெட்டி

ஒலி பற்றி. நல்ல வரிகள் பாதி இங்கேதான் சாகின்றன.

பதிவு: பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரி உள்ள சிறிய அறை போதும். மைக்குக்குப் பின்னால் மெத்தை கட்டுகிறார்கள், அது தவறு. சாதாரண மைக் முன்பக்கம்தான் அதிகம் கேட்கும், அதன் முன்னால் இருப்பது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னுள்ள சுவர். கனமான போர்வையை அங்கே தொங்கவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். ‘ப’ வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் போதும். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலை எந்த மென்பொருளும் சேர்க்காது.

கலவை: இந்தப் பாட்டைக் கேட்கப் போவது கைப்பேசி ஸ்பீக்கரில். 40, 50 ஹெர்ட்ஸ் அடிபேஸ் அங்கே அறவே கேட்காது. பேஸுக்குக் கொஞ்சம் உறுத்தல் (டிஸ்டார்ஷன்) சேர்த்து மேல் ஒலிகளை எழுப்பினால்தான் தாளம் புரியும். குரலை வழக்கமான ராப் கலவையைவிட இரண்டு மூன்று டெசிபெல் தூக்கி வையுங்கள். பீட் மட்டும், குரல் மட்டும் என்று இரண்டு கோப்பும் தனியாக எடுத்து வைத்தால் அடுத்த பகுதிக்காரர்கள் தங்கள் பத்தியைச் சேர்க்கலாம்.

தெருமேடை: நூறு, நூற்றைம்பது பேருக்கு 12 அங்குல ஆம்ப் உள்ளடங்கிய ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டில், பெட்டியின் அடிப்பாகம் தலைக்கு மேல். பாடுகிறவர் ஸ்பீக்கர் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்தால் ஊளை. ராப் பாடுகிறவர்கள் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்துவார்கள். பொத்தினால் மைக்கின் பின்துளைகள் அடைபட்டு எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பிக்கும், உடனே ஊளை, குரலும் மூக்கடைத்தது போல ஆகும். ஒத்திகையிலேயே கைப்பிடியைப் பழக்குங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒன்று: கைப்பேசியின் ஸ்டீரியோ கம்பியை மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் நேரே சொருகுவது. அந்த உள்ளீடு இரண்டு பக்கத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும். நடுவில் இருக்கும் கிக், பேஸ், குரல் எல்லாம் காணாமல் போய், எதிரொலி மட்டும் மிஞ்சும். இடதையும் வலதையும் பிரிக்கும் கம்பியை வாங்கி ஸ்டீரியோ உள்ளீட்டில் போடுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், இல்லையென்றால் பாட்டு நடுவே அழைப்புமணி ஊரெல்லாம் கேட்கும். பீட் கோப்பு இன்னொரு கைப்பேசியிலும் இருக்கட்டும். உபரியாக ஒரு கம்பி மைக், இரண்டு கேபிள். ஜெனரேட்டர் என்றால் காற்று வீசும் திசையில் கூட்டத்துக்கு அப்பால், குறைந்தது 15 மீட்டர்.

#7 முதல்படி

ஒரு கேள்வி. பயிற்சிப் பட்டறை எத்தனை வாரம் வைத்தால் பாட்டு வரும்? வருகிறவர்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் என்ன ஏற்பாடு வேண்டும்?

#8 கூத்துமேடை

@முதல்படி, பன்னிரண்டு வாரம், வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம். ஒரு பயிற்றுநருக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்தால் கூச்சப்படும் பிள்ளைகள் முறை வராமலே வீட்டுக்குப் போகும்.

முதல் மூன்று வாரம் கேட்பதும் கைத்தட்டிப் பார் எண்ணுவதும். எழுதச் சொல்லாதீர்கள். நாலாம் வாரத்திலிருந்து வாரம் நாலு வரி மட்டும். ஏழாம் வாரம் கோரிக்கை பற்றிய ஆவணங்களை மேசையில் பரப்புங்கள்: மனு, வந்த பதில், வரவே வராத பதிலுக்கான ஒப்புகைச் சீட்டு. பிள்ளைகள் அதிலிருந்தே சொற்களைப் பொறுக்குவார்கள். பத்தாம் வாரம் பதிவு, பதினொன்று ஒத்திகை, பன்னிரண்டு தெருவில்.

சைஃபர் வட்டத்துக்கு, அதாவது வட்டமாக நின்று முறைவைத்து ராப் பாடுவதற்கு, மூன்று விதி போதும். ஒருவருக்கு எட்டு பார். சாதி, உடல், அம்மா, அக்கா இவற்றைத் தொட்டு வசை கிடையாது. தடுமாறியவருக்காக வட்டம் தாளம் பிடித்து நிற்கும், யாரும் இடையில் பறிக்கக் கூடாது. வசை விதியை முதல் நாளே சொல்லவில்லையென்றால் மூன்றாம் வாரத்துக்குள் பெண் பிள்ளைகள் வருவது நின்றுவிடும். வட்டத்தில் முதல் முறையை எப்போதும் பெண்களுக்குக் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சிறார் விஷயத்தில் தளர்வே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருப்பதற்கு இடமில்லை, பதிவு அறைக்கும் இதேதான். பெற்றோர் ஒப்புதல் இரண்டு தனித்தாளில்: பயிற்சிக்கு ஒன்று, முகமும் பெயரும் இணையத்தில் வருவதற்கு இன்னொன்று. இரண்டாவதை மறுத்தவர் குழுவில் இருக்கலாம், காணொளியில் கைகள் மட்டும் வரட்டும். இரவில் தனிச்செய்தி அனுப்பும் பழக்கம் பயிற்றுநருக்கு இருக்கக் கூடாது, எல்லாம் குழுவிலேயே. புகழ்பெற்ற கலைஞர் வருகிறார் என்பதற்காக இதில் ஒரு விதியையும் தளர்த்தாதீர்கள். புகழ் இருக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

#9 வட்டம்

அமைப்பு பற்றி எழுதுகிறேன், இந்த இழையில் இன்னும் போதிய அளவு வராத பகுதி அது.

செனகலைப் படியுங்கள். 2011 ஜனவரியில் கவ்லாக் ஊர் ராப் குழு கெர் கியின் தியாட்டும் கிலிஃபேயும், பத்திரிகையாளர் ஃபாதெல் பாரோவும் நண்பர்களும் சேர்ந்து ‘யான் ஆ மார்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். ‘போதும், அலுத்துவிட்டது’ என்று பொருள். தூண்டியது ஓயாத மின்வெட்டு. அவர்கள் ரசிகர் மன்றம் கட்டவில்லை. பகுதிதோறும் சிறு கிளைகள் கட்டினார்கள், கிளைகளுக்கு ‘எஸ்ப்ரி’ என்று பெயர். ‘என் வாக்காளர் அட்டை, என் ஆயுதம்’ என்று இளைஞர்களைப் பட்டியலில் பதிவு செய்யவைத்தார்கள். வானொலி வைக்காத பாட்டுகளைப் பேருந்துகளில் ஏறிப் பாடிக் கொண்டுபோனார்கள். 2011 ஜூன் 23 அன்று, முதல் சுற்றிலேயே 25 சதவீத வாக்கில் அதிபர் வெல்லலாம் என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்துக் கூட்டம் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தது. அன்றே திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அப்துலாய் வாட் அதன் பிறகும் மூன்றாம் முறை போட்டியிட்டார், 2012 மார்ச் 25 இரண்டாம் சுற்றில் தோற்றார்.

அதே மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோவில் ராப்பர் ஸ்மோக்கியும் ரெகே பாடகர் சாம்ஸ்கே லெ ஜாவும் 2013ல் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘குடிமக்கள் துடைப்பம்’. 27 ஆண்டு ஆண்ட கொம்பாவோரே 2014 அக்டோபர் 31 அன்று பதவி விலகிய பிறகு அந்த ஆட்கள் உண்மையிலேயே துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டினார்கள். துடைப்பம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, காசு செலவில்லை, கையில் வைத்திருப்பதும் குற்றமில்லை. சின்னம் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தோல்வியையும் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 14 வயதுச் சிறாரையும் பெரியவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வழிசெய்த 21ஆம் முன்மொழிவு 2000 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஹிப்-ஹாப் இளைஞர்கள் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுக்க எதிர்த்து நின்றார்கள். மாநில அளவில் 62 சதவீதத்தோடு அது நிறைவேறியது. ஆனால் அவர்கள் வேலை செய்த சான்ஃபிரான்சிஸ்கோ, அலமேடா வட்டாரங்களில் தோற்றது. அந்த ஆட்கள் கலைந்து போகவில்லை. அடுத்து அலமேடாவில் 540 படுக்கைகளோடு திட்டமிட்ட சிறார் சிறைக்கு எதிராகத் திரும்பினார்கள், அந்த அளவில் அது கட்டப்படவே இல்லை.

2004 ஜூனில் நியூவார்க்கில் நடந்த தேசிய ஹிப்-ஹாப் அரசியல் மாநாட்டில் பிரதிநிதியாக வர 50 பேரை வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். மேடையில் எட்டு பார் வேண்டுமா? பத்து வீட்டுக் கையெழுத்தோடு வா. இதைச் சிறு அளவில் எந்தக் குழுவும் செய்யலாம்.

எதை அளப்பது? பார்வை எண்ணிக்கையை விடுங்கள். பாட்டு முடிந்து அரை மணிக்குள் பதிவேட்டில் விழுந்த தொலைபேசி எண்கள் எத்தனை, அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், மூன்றாம் கூட்டத்தில் வேலை எடுத்துக்கொண்டவர் எத்தனை. இந்த மூன்று எண்ணும் ஒரு நோட்டில் இருந்தால் போதும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சுழியாகவும் இருந்தால் பாட்டு நன்றாக இருக்கிறது, நீங்கள் 48 மணி நேரத்துக்குள் யாரையும் திரும்ப அழைக்கவில்லை என்று பொருள்.

#10 சட்டமணி

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் பொதுவாக எங்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன்.

சாம்பிள், அதாவது வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு: ஒரு துண்டு இசையில் இரண்டு உரிமை இருக்கிறது. இசையமைப்புக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. இரண்டு பேரும் வேறு வேறாக இருக்கலாம். 1991ல் பிஸ் மார்க்கி ஆல்பம் மீதான நியூயார்க் தீர்ப்புக்குப் பிறகு அனுமதியில்லாத சாம்பிள் என்பது இசை நிறுவனங்களுக்கு நடுக்கம் தரும் சொல்லாகிவிட்டது. போராட்டப் பாட்டு என்பதற்குத் தானாக விலக்கு கிடையாது. இணையத்தில் இலவசம் என்று வரும் பீட்டுகளில் பலவும் விற்பனைக்கு அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி, சிலவற்றுக்குக் கேட்பு எண்ணிக்கையில் உச்சவரம்பு. காணொளித் தளம் தானாகவே பாட்டை அடையாளம் கண்டு முடக்கினால், அது நீங்கள் மனு கொடுக்கும் அன்று காலையாக இருக்கும். தாளத்தைக் குழுவே வாசித்துப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு. பறையோ, பிளாஸ்டிக் வாளியோ, மேசையோ எதுவானாலும் சரி.

வரிகள்: பெயரைச் சொல்லித் திருடன் என்று பாடாதீர்கள். பதவியைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள், ஆவணத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். உறுதியான செய்தி என்று பாடும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் தாள் ஆதாரம் என்று ஒரு பிரதியில் எழுதி வையுங்கள். வழக்கறிஞர் கேட்கும் முதல் தாள் அதுதான்.

வரிகளே வழக்கில் சாட்சியாவதும் நடக்கிறது. 2018ல் லண்டனில் 1011 என்ற டிரில் குழுவுக்கு, புதுக் காணொளி ஏற்றினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்ற ஆணை போட்டார்கள். ஸ்பெயினில் பாப்லோ ஹாசெல் 2021ல் சிறைக்குப் போனது ட்வீட்டுகளுக்கும் பாடல் வரிகளுக்குமாக. எதிர்த்திசையில், 2022ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: கலைப் படைப்பைச் சாட்சியாக ஏற்கும் முன் அது நியாயமற்ற பாரபட்சத்தை உண்டாக்குமா என்று நீதிபதி எடைபோட வேண்டும். உங்கள் இடத்தில் அப்படிப் பாதுகாப்பு இல்லையென்றால், கோபத்தில் வரும் ‘வெட்டுவேன், கொளுத்துவேன்’ வரிகளை எழுதும் பிள்ளையிடம் அதன் விலையை முன்கூட்டியே சொல்வது பெரியவர்கள் கடமை. அந்த வரிகளை நீக்கச் சொல்லி அதிகாரம் செய்யாதீர்கள், தெரிந்து முடிவெடுக்க விடுங்கள்.

நிகழ்ச்சிக்கு முன்: ஒலிபெருக்கி அனுமதியின் அசலும் இரண்டு நகலும் இரண்டு பேரிடம். வழக்கறிஞர் எண் கைப்பேசியில் மட்டும் இருந்தால் பறிமுதலோடு போய்விடும், கையில் மையால் எழுதுங்கள். கைப்பேசிக்குக் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு.

#11 ஊசிமுனை

பணமும் பெயரும் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. குழுக்கள் உடைவது பெரும்பாலும் காவல்துறையால் இல்லை, இதனால்தான்.

பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து: வரிகள் யார், பீட் யார், ஹூக் யார், பங்கு நூற்றுக்கு எத்தனை, வருமானம் வந்தால் இயக்க நிதிக்கு எத்தனை, கட்சியோ நிறுவனமோ கேட்டால் கொடுப்பதா, அதை யார் முடிவு செய்வது. பாட்டு ஓடிய பிறகு இந்தத் தாளை எழுத முயன்றால் ஒவ்வொருவர் நினைவும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். பாட்டியிடம் கேட்ட தாலாட்டையோ ஒப்பாரியையோ ஹூக்காக எடுத்தால் அவர் பெயரும் தாளில் வரட்டும், பங்கும் வரட்டும்.

1989ல் ராப்பர் கேஆர்எஸ்-ஒன் முன்னின்ற ‘செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ பாட்டில் ஒரு டஜனுக்கு மேல் கலைஞர்கள். வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற கறுப்பின மக்கள் உரிமை அமைப்புக்கு என்று வெளியீட்டின்போதே தெரிந்திருந்தது. பணம் எங்கே போகும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே பதில் இருந்ததால் அது நம்பப்பட்டது.

தேர்தல் நேரத்தில் மேடை கேட்டு வருவார்கள். ‘கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேடைக்குக் கீழே நின்று கேளுங்கள், மைக் கிடையாது’ என்ற ஒரே விதியை எல்லாக் கட்சிக்கும் வையுங்கள். ஒருவருக்குத் தளர்த்தினால் முடிந்தது.

#12 முதல்படி

மிகவும் பயன்பட்டது. வெளியிடும் நாளில் எது எந்த வரிசையில்?

#13 பதினாறுவரி

மனு முதலில், பாட்டு பிறகு. மனுவைக் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிய பிறகுதான் காணொளியை ஏற்றுங்கள். அந்த முத்திரைத் தேதி காணொளியின் கடைசிக் காட்சியில் வரட்டும். விளக்கக் குறிப்பில் முதல் வரி அடுத்த கூட்டத்தின் நாள், நேரம், இடம். வரிகளை எழுத்தாகக் காணொளியிலேயே ஓட விடுங்கள், சத்தத்தை அணைத்துப் பார்ப்பவர்களும் காது கேளாதவர்களும் படிப்பார்கள்.

ஏற்றிய அன்றே தெருவில் ஒருமுறை பாடுங்கள். மேடைக்கு வலப்பக்கம் ஒரு மேசை, பதிவேடு, நூலில் கட்டிய இரண்டு பேனா, இரண்டு ஆள். கடைசி ஹூக் முடிந்ததும் பீட்டை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைத்து மேசையைக் கைகாட்டுங்கள். நிறுத்திவிட்டு நன்றியுரை ஆரம்பித்தால் கூட்டம் கலையும். பீட் ஓடிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்பார்கள்.

@கூத்துமேடை, உங்கள் பன்னிரண்டு வாரத்தில் சாட்சிப் பாட்டுக்கு எத்தனை வாரம் ஒதுக்குகிறீர்கள்? ஏழாம் வாரம் ஆவணம் வந்ததும் அதை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் விட்டுவிடுமே?

#14 கூத்துமேடை

விடச் சொல்லக் கூடாது. இரண்டு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். கோரிக்கை நோட்டு பட்டறையிலேயே இருக்கும். மற்றது அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது, நாம் கேட்டாலும் காட்டவேண்டும் என்றில்லை. பன்னிரண்டாம் வாரம் தெருவில் கோரிக்கைப் பாட்டுக்கு முன்னால், விரும்புகிறவர் தன் நோட்டிலிருந்து எட்டு பார் படிக்கட்டும்.